மீதமிருக்கும் ஏழு

கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில்
சிலிண்டர் வந்த தேதி பேனாவில்,
எனக்கு வந்த தேதி பென்சிலில்.
யாராவது கேட்டால்
பால் கணக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.
பென்சில் தேதிக்கு இன்றோடு நாற்பத்தொரு நாள்.
என் வயதும் அதுதான்.

குமட்டுகிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.
குமட்டத்தான் செய்கிறது.
ஆனால் மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
தண்டையார்பேட்டை மொத்தமும் குமட்டும்.
கேன் தண்ணீர் போடுகிறவர்கூட
மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருகிறார்.
அவருக்கு எத்தனையாவது மாதம் என்றா கேட்க முடியும்?

எம்.சி. ரோட்டில் நைட்டிக் கடை,
பத்து மணி நேரம் நிற்கிற வேலை.
இடுப்பு வலித்தால் வந்துவிடும் என்று ஒரு சந்தோஷம்.
நாலு முறை பாத்ரூம் போய்
நாலு முறையும் ஒன்றுமில்லாமல் திரும்பினேன்.
ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி
ஃபீடிங் நைட்டி கேட்டாள்.
ஊதா, மாம்பழ மஞ்சள், புள்ளி போட்டது.
ஜிப் சரியாக ஓடுகிறதென்று
என் நெஞ்சில் வைத்து
இழுத்துக் காட்டினேன்.

சூசையிடம் சொல்லவில்லை.
துறைமுக கேட்டுக்கு வெளியே
டிரெய்லர் வரிசையில் மூன்றாவது ராத்திரி.
"முன்னாடி நூத்தம்பது வண்டி நிக்குது" என்கிறான்.
எனக்கு முன்னாடியும் என்னென்னவோ நிற்கிறது,
பெனிட்டாவின் ப்ளஸ் டூ பரீட்சை,
எடுத்துத் தின்றுவிட்ட சீட்டுப் பணம்.
ரத்தம் கம்மி, ஆபரேஷன் அப்புறம் பார்க்கலாம் என்று
பதினேழு வருஷத்துக்கு முன்னால் சொன்ன டாக்டரம்மா.
இது வரப்போகிறதன் தாமதமா,
இனி வராமலே நிற்கப்போகிறதன் தாமதமா?
இரண்டுக்கும் அழுகை ஒரே மாதிரிதான் வருகிறது.

எள்ளுருண்டை கால் கிலோ வாங்கி வந்தேன்.
பாதியை பெனிட்டா
கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டே தின்றுவிட்டாள்.

முனை மெடிக்கலில் கேட்க முடியாது,
கல்லாவில் இருப்பது மும்தாஜ் அக்காவின் தங்கை பையன்.
ஷேர் ஆட்டோவில் மிண்ட் வரை போய்
முதலில் இருமல் மாத்திரை கேட்டு
அப்புறம் விக்ஸ் கேட்டு
மூன்றாவதாக அதைக் கேட்டேன்.
பேப்பரில் சுற்றி, கருப்பு கவரில் போட்டு
வேறெங்கோ பார்த்துக்கொண்டு நீட்டினார்.

விடியற்காலை முதல் மூத்திரத்தில் பார்க்க வேண்டுமாம்.
ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது அட்டை.
ஆறு வீட்டுக்கு ஒரே கக்கூஸ்,
ஐந்து நிமிடத்தில் இங்கே
ஒரு குடும்பமே போய் வந்துவிடும்.

நாலரைக்கு எழுந்தேன்.
இருட்டில் பெனிட்டா உட்கார்ந்திருந்தாள்.
"எனக்கு வந்து முடிஞ்சுபோச்சும்மா.
பாக்கெட்ல இன்னும் ஏழு இருக்கு."

எப்போதும் அவளுக்கு வந்த இரண்டாம் நாள் எனக்கு வரும்.
ஒரே பாக்கெட்.
கடைசி ஒன்றுக்கு
சண்டைகூடப் போட்டிருக்கிறோம்.
மிச்சம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

வேறெதுவும் கேட்கவில்லை.
என் கையிலிருந்த கருப்பு கவரைப் பார்த்தாள்,
போனில் டார்ச்சைப் போட்டுக் கொடுத்தாள்,
செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

உள்ளே தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு கயிறு.
ஒரு கையில் கயிறு, ஒரு கையில் அட்டை,
போனைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.
வெளியே வாளி வந்து நிற்கும் சத்தம்.
செருமல், டில்லிராணி அக்காதான்.

"மோட்டார் ஓடலக்கா,
தண்ணி வரப் பத்து நிமிஷம் ஆவும்" என்கிறாள் பெனிட்டா.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.
காம்பவுண்டுக்கே கேட்கிறது.

முதல் கோடு ஊறி வருகிறது.
அது எல்லோருக்கும் வருகிற கோடு.

வெளியே
வாளியைக் கவிழ்த்துப் போட்டு
அதன் மேல் ஒருத்தி உட்காரும் சத்தம்.
"ஆவட்டும்" என்கிறாள்.